கவிழாத கப்பலுக்காக ஒரு மடக்கு மேசை

த்ரியெஸ்தே துறைமுகம், பழைய மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே
ஒரு மடக்கு மேசை, இரண்டு பேனா,
தாள் பறக்காமலிருக்க நான்கு கல்.
போரா வீசும் நாளில் ஆறு கல்.
போரா என்பது காற்று. ஒரு காலத்தில்
தெருவோரம் கயிறு கட்டி வைத்தார்களாம்,
மனிதர் பிடித்துக்கொண்டு நடக்க.

என் முதுகுக்குப் பின்னால் அவள்.
இஸோன்ஸோ.
கடலுக்குப் போகிறவளுக்கு ஆற்றின் பெயர் வைத்தார்கள்.
இருநூறு மீட்டர் துரு,
இரண்டு புகைபோக்கி: ஒன்று கடற்புறாக்களுக்கு,
மற்றது யாருக்கும் இல்லை.

கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
கப்பல் கவிழ்ந்துவிட்டதா என்று கேட்காதீர்கள்.
கவிழவில்லை. அதுதான் சிக்கல்.
கவிழ்ந்திருந்தால் ஒரு நினைவுக்கல் நட்டிருப்பார்கள்,
வருடத்துக்கொரு மலர்வளையம் மிதந்திருக்கும்,
மேயர் தொப்பியைக் கழற்றியிருப்பார்.
மிதக்கிறவளுக்கு நாள்வாடகை.

ஏப்ரல் முப்பதுக்குள் இருபதாயிரம் கையெழுத்து.
இல்லையென்றால் இழுவைப்படகு,
அப்புறம் காயலான் கடை.
கிலோ என்ன விலைக்குப் போவாள் என்று
லிவியோ விசாரித்துக்கொண்டு வந்தான்.
மறக்கப் பார்க்கிறேன்.
உருளைக்கிழங்கு வாங்கும்போதெல்லாம் நினைவு வருகிறது.

பல் மருத்துவரிடம் முப்பத்தோரு வருடம் வரவேற்பு மேசை.
வலிக்காது, வலிக்காது என்று சொல்லியே பழகிய வாய்.
கையெழுத்துதானே, வலிக்காது என்கிறேன்.

ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, உங்களுக்குக் கப்பலா?
உள்ளே முழுக்க ஆஸ்பெஸ்டாஸ், தெரியுமா?
பெயர் போட்டால் வரி கூடுமா?
ஒரு சிறுமி ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே: இது ஓடுமா?
ஓடாது.
அப்போ எதுக்கு?
துண்டறிக்கை ஒன்றை நீட்டினேன்.
அதன் மேல் ஐஸ்கிரீம் சொட்டியது.

மார்ச்சில் நோர்மா விசின்தின் வந்தாள்.
பேனாவை எடுத்தாள். பெயரைப் படித்தாள். வைத்துவிட்டாள்.
"இதையா? உடையுங்கள். சுத்தியல் நான் தருகிறேன்.
ஐம்பத்தைந்தில் என் அக்காவை மெல்போர்னுக்குக் கொண்டுபோனது இது.
எனக்கு ஒன்பது வயது. இதே படித்துறை.
கடைசிவரை அவள் கையாட்டவே இல்லை."

வலிக்காது என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாளும் வந்தாள், நல்ல காலணி போட்டுக்கொண்டு.
"மேலே போகலாமா?"
விதிப்படி கூடாது.
லிவியோ தலைக்கவசம் கொடுத்தான்,
காவலாளி அந்த நேரம் பார்த்துச் சிகரெட் வாங்கப் போனான்.

மூன்றாம் தளம், இடப்பக்கக் கைப்பிடி.
பெயின்ட் அவள் உள்ளங்கையில் செதில் செதிலாக ஒட்டியது.
கீழே பார்த்தாள்.
என் மேசை ஒரு தீப்பெட்டி.
அதன் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள்,
ஆணா பெண்ணா தெரியவில்லை.

"இவ்வளவு சின்னதாகவா இருந்தேன்?"

நெடுநேரம் நின்றாள்.
அந்த யாரோ நிமிர்ந்து பார்த்தார்.
நோர்மா கையாட்டினாள்.
பதிலுக்கு ஆட்டினாரா, கண்ணுக்கு மறைப்பாகக் கை வைத்தாரா,
அந்த உயரத்திலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.
அதைத்தான் அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள்,
இறங்கி வரும் ஒவ்வொரு படியிலும்:
ஒன்றும் சொல்ல முடியாது, ஒன்றும் சொல்ல முடியாது.

கீழே வந்து கையெழுத்துப் போட்டாள்.
தன் பெயரை அல்ல.
அல்பீனா விசின்தின், மெல்போர்ன்.
அக்கா இறந்து பன்னிரண்டு வருடமாம்.

இறந்தவர் கையெழுத்து செல்லாது.
துறைமுக அலுவலகத்தில் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள்,
ஒன்று பொய்யானால் அந்தத் தாளே போகும்,
தாளுக்கு இருபது பேர்.
அடித்துவிடு என்றான் லிவியோ. அவன் சொல்வது சரி.

அந்தத் தாளை மட்டும் தனியே மடித்து
கைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.
மீதிப் பத்தொன்பது பேரைத் தேடிப்பிடித்து
மறுபடி வாங்க வேண்டும்.
ஒருவர் ரொட்டிக்கடைக்காரர், சுலபம்.
ஒருவர் கையெழுத்து மருந்துச்சீட்டு மாதிரி, கடவுளுக்கே வெளிச்சம்.

நேற்றுவரை பதினோராயிரத்து நானூற்று ஆறு.
இன்று முன்னூற்று எண்பத்தாறு.
கணக்குப் பின்னால் போகிறது,
இழுவைப்படகு இழுப்பதுபோல.

காற்று மாறுகிறது.
லிவியோ, இன்னும் இரண்டு கல் கொண்டுவா.