மேட்டுக்கா பஞ்சம்

ராணுவம் வேண்டாமென்று அனுப்பிய கால்.
ஈரத்தரையில் வளைவே இல்லாமல் விழும் தடம்.
தபால்துறை அதையெல்லாம் கேட்கவில்லை.
வால்பரைசோ குன்றுகளில்
இருபத்தாறு வருடமாகப் படியேறுகிறான் ரெய்னால்டோ.

விடிந்து கட்டிலைவிட்டு இறங்கினால்
குதிகாலில் ஆணி இறங்கும்.
முதல் பத்தடி
சுவரைப் பிடித்துத்தான்.

மருந்துக்கடைப் பெண்
ஷூவுக்குள் வைக்க ஒரு ஜோடி அட்டை கொடுத்தாள்,
நடுவில் சின்ன மேடு.
"இந்த ஊரில் மேட்டுக்கா பஞ்சம்?"
இரண்டு நாள் கூழாங்கல்லை மிதித்த மாதிரி.
திட்டிக்கொண்டே ஏறினான்.

ஒன்பதாம் நாள்,
நூற்றுப்பதினெட்டாம் படியில்
ஹிமெனா மின்கட்டணச் சீட்டை வாங்கிக்கொண்டு
அவன் முகத்தைப் பார்த்தாள்.
"இன்றைக்கு உட்காரலையா?"

வாசலில் நாற்காலி போட்டிருந்தது, எப்போதும்போல்.
பக்கத்தில் தண்ணீர்க் குவளை.

வலியில்லாத காலோடு
கொஞ்சம் நின்றான்.
பிறகு
ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.