இழைமணி

ஃபஹாஹீலில் இரவு பத்தரை.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
இன்னும் நாற்பத்தொரு டிகிரி.

ஜெபமணி உள்ளே வந்ததும்
ஏசிக்கு நேராக ஒரு நிமிடம் நின்றார்.
பிறகு போனை நீட்டினார்.
யாரோ அனுப்பிய வீடியோ:
வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர்
சோர்வைப் பற்றிச் சோர்வே இல்லாமல் பேசுகிறார்.

"இந்த மாத்திரை இருக்கா சிஸ்டர்?"

இருக்கிறது.
கண்மட்டத் தட்டில், முதல் வரிசையில்,
மேனேஜர் வைக்கச் சொன்ன இடத்தில்.
கோஎன்சைம் க்யூ டென். முப்பது கேப்ஸ்யூல்
பதினொரு தினார் எழுநூற்றைம்பது ஃபில்ஸ்.
இந்த மாதம் நான் விற்கவேண்டியது நாற்பது டப்பா.
விற்றது பதினேழு.

டப்பாவில் அரபி இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது.
தமிழில் என்ன என்று கேட்டார்.
பள்ளிக்கூடத்தில் படித்த சொல் வந்தது: இழைமணி.
செல்லுக்குள் எரியும் பொடி அடுப்புகள்,
தின்ற சோற்றை மூச்சுக்காற்றில் எரித்துப்
பலமாக்கித் தருபவை.

"மணியா? என் பேரும் அதுதான்."
சிரித்ததில் உதட்டு வெடிப்பு விரிந்தது.

மினா அப்துல்லாவில் பதினாறு வருஷமாகச் சாரம் கட்டுகிறார்.
உச்சி வெயிலில் வேலை கூடாது என்று சட்டம்.
அதனால் மூன்றரைக்கே பஸ்.
அறையில் எட்டுப் பேர், எட்டு அலாரம்.
எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள் என்றேன்.
ஐந்து விரலை விரித்தார்,
யோசித்து ஒன்றை மடக்கினார்.

"பையனுக்கும் இதே அசதி. பதினாலு வயசு.
எங்கிட்டேருந்து போயிருக்குமோ?"

தெரிந்ததைச் சொல்லும் அவசரம் எனக்கு.
இழைமணி அம்மா வழியில்தான் வரும்,
அப்பாவிடமிருந்து வராது என்றேன்.

"ஒண்ணுகூடவா?"

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பார்கோடு கருவி என் கையில்
சும்மா சிவந்துகொண்டிருந்தது.

இது உங்களுக்கு வேண்டாம்,
பையனுக்கும் வாங்கி அனுப்ப வேண்டாம்,
அவனை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்,
நீங்கள் ரத்தம் பாருங்கள், முதலில் தூங்குங்கள் என்றேன்.

"தூக்கம் எந்தத் தட்டுல இருக்கு சிஸ்டர்?"

நாலு உப்புக்கரைசல் பொட்டலம் வாங்கினார்.
சில்லறையை இரண்டு முறை எண்ணினார்.
போனார்.

ரசீது காகிதம் மாற்றிக்கொண்டிருந்தேன்,
கதவு பாதி திறந்தது.
"மூக்கு என் மூக்குதான் அவனுக்கு," என்றார்.
"அச்சு அசல்."

கதவு சாத்திய பிறகும்
அவரோடு வந்த வெக்கை
கொஞ்ச நேரம் கவுண்டர் பக்கம் நின்றது.