முதல் குண்டு

பிப்ரவரி. வயோமிங். கேரேஜில் ஹீட்டர் இருமுகிறது.
பொடித் தராசில் வெடிமருந்து நிறுக்கிறாள்
மார்வா டில்லட்சன்.
குழலைக் கழற்றி மாட்டியது இது மூன்றாம் முறை.
விசை இப்போது முறிகிறது
உறைந்த சுள்ளி போல.

ஆனாலும் தாளில் அதே கதை:
நான்கு துளைகள் ஒரு காசுக்குள் ஒண்டிக்கிடக்க
ஐந்தாவது மட்டும் தள்ளி,
கோபித்துக்கொண்டு போன மருமகன் மாதிரி.

காற்று, என்றான் ஓடல்.
உன் மூச்சு, என்றான் கடைக்காரன்,
நாற்பது டாலருக்குத் திருகுகளும் விற்றான்.

சனிக்கிழமை
ஒவ்வொரு வெடிக்கும் எழுந்து, பனியில் நூறு கஜம் நடந்து,
துளைக்குத் துளை பென்சிலால் எண் போட்டாள்.
தள்ளி நின்றது ஐந்தாவது அல்ல.
முதலாவது.
அவள் கையால் ஏற்றியது.
மற்ற நான்கையும் துப்பாக்கி
உதைத்த வேகத்தில் தானே ஊட்டிக்கொண்டது.

அதைக் கணக்கில் விடு, என்றான் ஓடல்,
நான்கும் எவ்வளவு அழகு.

ஆடுகள் ஈனும் பட்டி. விடியாத வேலியோரம்.
கொயோட்டி
ஒரே தரம்தான் நின்று திரும்பிப் பார்க்கும்.

தொலைநோக்கியின் குமிழை
நான்கு சொடுக்கு இடப்பக்கம் திருப்பினாள்.
ஒற்றை இப்போது நடுவில்.
அழகான நான்கும்
சேர்ந்தே
தவறுகின்றன.