இரண்டு வெள்ளி

பகாவ் அடகுக் கடையில்
கம்பிக்குப் பின்னால் இருந்தவன்
விளிம்பைப் பார்த்திருக்கிறாயா என்றான், மலாயில்.
இல்லை.
எங்கள் வீட்டில் யாரும் விளிம்பைப் பார்த்ததில்லை.
ஒரு பக்கம் வெள்ளைக்கார ராஜாவின் தலை,
மறுபக்கம் அம்மணமாய் ஒரு குதிரைக்காரன்,
குளம்படியில் மண்டையோடு.
அக்காமாரை அந்தப் பக்கம் பார்க்க விடமாட்டார்கள்.

எத்தனை தடவை இந்தக் கம்பியைத் தாண்டியிருக்கிறது!
தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற வருடம்
மூன்று மாதம் உள்ளேயே கிடந்தது.
அப்பாவின் கல்யாணத்துக்குப் பந்தலானது.
மஞ்சள் காமாலையில் நான் வெளிறிக் கிடந்த இரவு
சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரானது.
போன தீபாவளிக்கு முன்
என் லோரிக்கு இரண்டு டயர்.
மீட்டு வந்தால் அரிசிப் பானைக்குள் போடுவோம்.
தாத்தா உள்ளே இருக்கிறார் என்போம், சிரித்துக்கொண்டு.

தாத்தா, பட்டாளத்து வேலப்பன்.
சாப்பர். பஸ்ராவில் பாலம் கட்டினவர்.
கித்தாக் காட்டில் விடிகாலைப் பெரட்டுக்கு
எல்லாரும் போர்வைக்குள் கோணி நிற்க
அவர் மட்டும் நெட்டுக்குத்தாய் நிற்பாராம்.
கிராணிக்கு அது திமிராகப் பட்டதாம்.

கடைக்காரன் லென்சை நீட்டினான்.
ஒரு எண். சாப்பர். பிறகு பெயர்.
எழுத்துக் கூட்டினேன்:
மாசிலாமணி.

அது பெரியப்பாவின் பெயர்.
சயாம் ரயிலுக்குப் பிடித்துப் போனபோது
அவருக்குப் பதினேழு வயது.
போனவர் போனவர்தான்.
அவர் பிறக்குமுன்னே அடித்த வெள்ளியில்
அவர் பெயர் எப்படி?

பவளக்கொடி அத்தை
தாமான் வீட்டில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தது.
சத்தத்தைக் குறைக்காமலே சொன்னது:
‘அது வேற மாசிலாமணிடா.
அப்பாவோட பட்டாளத்துல இருந்தவரு, ஒரே கப்பல்ல வந்தவரு.
பஸ்ராவுல சாகாதவரு
இங்க வந்து கொசு கடிச்சி செத்தாரு.
சொந்தம்னு யாருமில்ல.
அடுத்த மாசமே பெரியண்ணன் பொறந்தான்.
பேரு ரெடியா இருந்துச்சி.’

தாத்தா தூக்கத்தில் கத்துவாராம்:
‘டேய் மாசிலா, தலையைக் குனி!’
சயாமில் தொலைந்த மகனைத்தான் கூப்பிடுகிறார் என்று
பாட்டி விளக்கேற்றித் தண்ணீர் கொடுக்குமாம்.
எந்த மாசிலாவை என்று
அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

அத்தையின் ஓவல்டின் டின்னில்
பிறப்புப் பத்திரங்களுக்கடியில் ஒரு சீட்டு,
கரப்பான் தின்றது போக மீதி.
கோழி கிளறினாற்போல் சீன எழுத்து.
கடைக்காரனுக்குப் படிக்கத் தெரியவில்லை.
பின்கட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த
அவனுடைய அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினான்.
கிழவர் கரண்டியை வைத்துவிட்டு வாசித்தார்:
வெள்ளி வட்டம், ஒன்று.
கொடுத்தது, இரண்டு வெள்ளி.
முப்பத்தொன்றாம் வருடம்.

மீட்ட பொருளுக்குச் சீட்டு மிஞ்சாது.

ரப்பர் விலை மண்ணுக்கு வந்த வருடம் அது.
ஆளை எண்ணி ஊருக்குக் கப்பலேற்றிய வருடம்.
இரண்டையும் வைத்திருக்கிறார்.
ஒன்றுக்குத்தான் காசு புரண்டிருக்கிறது.
எதை எடுப்பது என்று
இதே அஞ்சடியில் நின்று யோசித்தாரா,
யோசிக்கவே இல்லையா,
கிழவருக்கு அது தெரியாது.
மற்றது எங்கே என்று கேட்டேன்.
‘உருக்கியிருப்பார்கள்.
யாராவது குழந்தைக்குக் கொலுசாகியிருக்கும்.’
மறுபடி கஞ்சிக்குப் போய்விட்டார்.

வட்டியும் முதலும் கட்டினேன்.
என் புதுச் சீட்டை வாங்கிக் கம்பியில் குத்தினான்.
பழையதைத் திருப்பித் தந்தான், இது செல்லாது என்று.
தெரியும் என்றேன்.
சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கடைசி நடை.
செம்பனைக் குலை ஏற்றி மில்லுக்குப் போகையில்
பத்தாம் நம்பர் காட்டு வளைவில்
தாழ்ந்த மட்டையொன்று கண்ணாடியை அறைந்தது.
லோரிக்குள் நான் ஒருவன்தான்.
தலையைக் குனிந்தேன்.