பத்தைக் குறைத்தால்

அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகிறேன்.
ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர், ஒரு டிக்.
வெருலம் நாற்சந்தி, காலை ஐந்தே முக்கால்.
லோட்ஷெடிங்.
ரோபோ நான்கு பக்கமும் குருடு
(சிக்னல் விளக்கை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்).
கரும்புக் காட்டிலிருந்து பனி இறங்குகிறது,
கொட்டிக் கிடக்கும் ரொட்டி அதில் ஊறுகிறது.

தெற்கிலிருந்து வந்தது சிவப்பு கோல்ஃப்.
மேற்கிலிருந்து வந்தது ரொட்டி வண்டி.
நான் வருவதற்குள் எல்லாம் நின்றுவிடும்;
நிற்பதை வைத்துத்தான் ஓடியதைக் கேட்க வேண்டும்.
பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு,
முடிவிலிருந்து பின்னால் நடப்பது.

பழைய டயர்த் துண்டில் கான்கிரீட் ஊற்றி வைத்திருக்கிறேன்.
வில்தராசில் கட்டி இழுத்துப் பார்த்தேன்,
இந்தத் தார் எவ்வளவு பிடிக்கும் என்று.
புள்ளி ஆறு. ஈரம்.

டிக். டிக்.
கண்ணாடித் தூள் தொடங்கும் இடம்.
அங்கிருந்து வளைகிறது டயர்க் கறுப்பு,
ஓரத்தில் சீப்பால் வாரியது போன்ற கீறல்களுடன்.
கோல்ஃபின் மூக்கை ஓடும் வண்டி கிழக்கே இழுக்க
வால் தன் பழைய வேகத்தை விடாமல் வடக்கே போக
கடிகாரத் திசையில் ஒன்றரைச் சுற்று.
இப்போது வந்த வழியையே பார்த்து நிற்கிறது,
வீட்டில் எதையோ மறந்து வந்ததுபோல.

ரொட்டி வண்டி கரும்புக்குள் சாய்ந்து கிடக்கிறது.
"நான் ஓடி வந்தபோதும்
முன்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது"
என்கிறார் எதிர் கராஜில்
காபி வாங்கிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் ங்கிடி.
நில் என்று சொல்ல
அதற்கு மட்டும் யாரும் இல்லை.

பூபாலன் படையாச்சிக்கு மூன்று விலா எலும்பு.
அவ்வளவுதான்.
சுவராக இருந்திருந்தால்
கண்ணிமைப்பதற்குள் முழுத்தொகையும் கேட்டிருக்கும்.
கரும்பு தவணையில் வாங்கிக்கொண்டது.
இந்த வரிசை கொஞ்சம், அடுத்த வரிசை கொஞ்சம்,
முறிவது முறிய, வளைவது வளைய,
பதினோரு மீட்டர்.
கடன் அதே கடன்தான்.
காலம் நீண்டது, அடி மெலிந்தது.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு வந்தார் மிசஸ் ரங்கசாமி.
ஐஸ்கிரீம் டப்பாவில் சமூசா, மூடியில் ஆவி.
தெஷேந்திரன் அறுபதில்தான் வந்தானாம்.
என் தாளில் தொண்ணூற்று நான்கு.
"பத்தாவது குறைக்கக்கூடாதா, மேடம்?
யாருக்கு என்ன நஷ்டம்?"

தாளைத் திருப்பி அம்புகள் போட்டேன்.
வடக்கே ஒன்று, நீளம்.
கிழக்கே ஒன்று, குட்டை.
மோதுவதற்கு முன் எவ்வளவோ
மோதிய பின்னும் அவ்வளவுதான், அம்மா.
இரண்டு வண்டியும் வடக்கே கொண்டுபோன உந்தம்
கரும்புக் காட்டில் கிடக்கிறது,
அளந்தாயிற்று, அதில் நான் கை வைக்க முடியாது.
உங்கள் மகனிடமிருந்து பத்தை எடுத்தால்
அந்தப் பத்தை வேறு யாராவது சுமக்க வேண்டும்.
அன்று அங்கே இருந்த இன்னொருவர் ஒருவர்தான்.
'ரொட்டி வண்டி வடக்கே திரும்பியது'
என்று நான் எழுத வேண்டும்.
அது திரும்பவில்லை.
அவர் நின்றார், இருட்டில் இரண்டு பக்கமும் பார்த்தார்,
பிறகு கிளம்பினார்.
பதினெட்டு.

வெகு நேரம் பேசவில்லை.
குட்டை அம்பின் மேல் விரலை வைத்தார்.
"இது அவரா?"
அவர்தான்.
டப்பாவை மூடினார். பிறகு,
"எந்த ஆஸ்பத்திரி?"

போனாரா என்று எனக்குத் தெரியாது.
அவர் எழுந்த வேகத்தில்
சுழல் நாற்காலி கால் சுற்றுப் போய்
கதவைப் பார்த்து நின்றது.
அதை நான் அளக்கவில்லை.