அரை மாத்திரை

போடிமெட்டு. விடியற்காலை ஐந்தரை.
ஷட்டரைப் பாதி தூக்கும்போதே கீழிருந்து உறுமல்.
பதினேழு கொண்டை ஊசியும் ஏறி வந்து
செக்போஸ்ட் முன்னால் மூச்சு வாங்குகிறது
பைலியின் ஜீப்.
பத்துப் பேர் இடத்தில் பதினெட்டுப் பெண்கள்,
ஏலக்காய் எடுப்புக்கு.

ஒச்சம்மா மட்டும் இறங்கி வந்து
நான் கொடுத்த அட்டையைத் திருப்பி வைக்கிறாள்.
நாலு குழி காலி. ஆறு இருக்கிறது.
"வாந்தி நின்னுருச்சு சார்.
கூட இன்னொண்ணும் நின்னுருச்சு."

போன ஆவணியில் ஒன்பதாம் வளைவில்
வண்டியோடு போனவள் அவள் ஓரகத்தி.
அந்த இடம் வந்தால் அடிவயிறு பிடிக்கும்,
நெஞ்சு அடித்துக்கொள்ளும்,
ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவாள்.
"நாலு நாளா வளைவு வந்ததே தெரியல.
தாண்டினப்பறம்தான் முழிக்கிறேன்."

எனக்கு வேறொரு மேசை.
மதுரை, ஆறு வருஷம், முடிக்காத ஆராய்ச்சி.
எலி மூளையை வெங்காயத்தோல் கனத்துக்குச் சீவி
உப்புநீரில் கிடத்தி
செரட்டோனின் சொட்டுவேன்.
வாசல் திறக்கும். நரம்பு முனையில் பைகள் வாய் பிளக்கும்.
எட்டு அமிலம் கோத்த சரடு ஒன்று வெளியே வரும்.
வயிற்றில் அது 'போதும்' என்கிற சொல்.
மூளையில் அதே சரடு, அதே எட்டு,
'பயம்'.

பிறகு தடுப்பானைப் போட்டு, அதே சொட்டு.
வாசலில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்,
சாவி போல இருந்தும் திருகாத ஒன்று.
சரடு அவ்வளவாக வராது.
நோட்டில் எழுதுவேன்: குறைந்தது.
என்ன குறைந்தது என்று
எலியிடம் கேட்க வழியில்லை.

நாலு மில்லிகிராம் அவ்வளவு தூரம் போகுமா?
குமட்டல் இல்லாதவள் அசந்து தூங்கியிருப்பாள், அவ்வளவுதான்.
சொல்ல வாயெடுத்தேன்.
பைலி ஹாரன் அடித்தான்: "சேச்சி, வரூ, சமயமாயி!"

ஒன்றைப் பிதுக்கி
நகத்தால் கீறிப் பாதியாக்கினாள்.
"நாளைக்கு ஏறுறப்ப இது போதுமா?"
மெய்க்கு அரை மாத்திரை.
ஐந்தாம் வகுப்பில் உருப்போட்டது
இங்கேயா வந்து நிற்கும்.
"போதும்" என்றேன். தெரியாமல்தான்.

இரண்டு பாதியையும் முந்தியில் முடிந்துகொண்டு ஏறினாள்.
கட்டை உயர்ந்தது, வண்டி அந்தப் பக்கம் போனது.
கண்ணாடி மேல் உதிர்ந்த வெள்ளைத் தூளை
மத்தியானம்வரை நான் துடைக்கவில்லை.