இடது பக்கத்தின் வாசிப்பு

திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால்
பழைய இரும்பு வாங்கும் யோகேந்திரன்
பல்லுச்சில்லையும் இரண்டு கிராங்குகளையும்
ஒன்றாகத் தராசில் எறிந்தான்.
"ஒன்றே கால் கிலோ."
"இதென்ன, கடலுக்குள்ள கிடந்ததோ?"
"நான் சாமானிட்ட ஊர் பேர் கேக்கிறேல்லை."
மிச்சக்காசுக்குப் பதிலாக ஒரு பிடி நட்டுத் தந்தான்.
அதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

ஐஸ்கிறீம் வாளிக்குள் வினாகிரி, இரண்டு போத்தல்.
மதிலுக்கு மேலால் றெஜினா எட்டிப்பார்த்தாள்.
"என்னடியப்பா, ஊறுகாயோ?"
"ஓம். கறள் ஊறுகாய்."

முதல் இரவு சின்னச் சின்னக் குமிழ்கள்.
இரண்டாம் நாள் பிளேன்ரீ நிறம்.
மூன்றாம் நாள் கையை விட்டால்
முழங்கை வரைக்கும் கறுப்புச் சேறு,
பழைய சில்லறைக் காசின் மணம்.
அப்பச்சோடா தூவினேன்; நுரைத்தது, அடங்கியது.

பல்லுச்சில்லின் நடுவே
மூன்று கொக்குத் தலைகள் வெளியே வந்தன.
ஏதோ குளிர்நாட்டுத் தொழிற்சாலையில் வெட்டிய கொக்குகள்,
கொக்குவிலில், என் கிணற்றடியில்,
வினாகிரி சொட்டச் சொட்ட.
ஒன்றுக்கு அலகு நுனி இல்லை.
இருக்கட்டும்.

பிரியாணி சுற்றிவந்த ஈயத்தாளை நனைத்து
வலது கிராங்கைத் தேய்த்தேன்.
உட்பக்கத்தில் நிக்கல் இல்லை.
கணுக்கால் உரசி உரசி
இரும்பு பள்ளமாகி, சவர்க்காரத் துண்டைப்போல் வழுவழுத்தது.
மிதி பூட்டும் துளையில் மரை பாதி தின்னப்பட்டிருந்தது.

பிறகு இடது.
மூன்றாவது தேய்ப்பில் என் மூக்குத்துவாரம் தெரிந்தது.
ஓரத்திலிருந்து ஓரம்வரை நிக்கல்.
இடதுக்கு மரை மறுவளம்.
அந்த மறுவள மரை
விரலை வெட்டுகிற கூரில், நேற்றுக் கடைந்ததுபோல.

"இடதைப் பிறகு மாத்தியிருப்பாங்கள்" என்றார் சுதர்சன்.
இரண்டிலும் ஒரே முத்திரை, ஒரே இலக்கம். காட்டினேன்.
"அப்ப, ஓடினவன் இடக்காலுக்குப் பஞ்சுச் செருப்புப் போட்டிருப்பான்."
நான் சிரித்தேன்.
அவர் சிரித்தபோது நான் நிறுத்தியிருந்தேன்.
அவர் எழும்பிப் போய்ச் சோற்றுப்பானையை இறக்கினார்.

எங்கள் ஒழுங்கையாலும் ஒருவர் போகிறவர்.
வலது மிதியில் டியூப் றபரால் ஒரு வார்.
மிதிப்பார், அதே காலால் மேலே இழுப்பார்,
மிதிப்பார்.
கேட்டிருக்கலாம்.
ஆனால் அவருடைய சைக்கிள் அவரிடமே இருக்கிறது.
வேறு எவருடையதையோ பற்றி
அவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

நான் மீற்றர் வாசிக்கிறவள்.
நான் எழுதுகிற எண்கள் முன்னுக்கே போகும், பின்னுக்கு வராது.
அசையாத மீற்றருக்கும் குறியீடு உண்டு:
பூட்டிய வீடு, ஆள் வெளிநாட்டில்,
இணைப்புத் துண்டிப்பு.
வலது கிராங்கை எனக்கு வாசிக்கத் தெரிந்தது.
இடதில் பூச்சியம்.
அதற்கு என்ன குறியீடு போடுவது என்று
வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.
கை குளிர்ந்தது. எண்ணெய் பூசினேன்.

வலது கிராங்கின் பள்ளத்தை நிரப்பவில்லை.
மரையை மட்டும் கடைச்சல்காரன் புதுப்பித்தான்.
கொட்டர் ஆணி இரண்டும் எதிரெதிர்த் திசையில் இறங்க வேண்டும்,
இல்லாவிட்டால் கிராங்குகள் ஒரு கோட்டில் நில்லா.
கீழே பனங்கட்டை வைத்து, சுத்தியலால் நான்கு அடி.

திங்கள் காலை.
பையில் பட்டியல், நூற்றுப் பதினெட்டு வீடுகள்.
இடக்கால் இறங்கும் ஒவ்வொரு முறையும்
ஒரு சின்ன 'டிக்'.
ஆணி இன்னும் இருக்கையில் அமரவில்லை, வேறொன்றுமில்லை.
இறங்கி நட்டைக் கால் சுற்று முறுக்கினால் போதும்.
முறுக்காமல் எண்ணத் தொடங்கினேன்.

ஒன்று. இரண்டு.
தேவாலய மதில்வரை அறுபத்தாறு.
வாசிகசாலைச் சந்தியில் இருநூற்று ஒன்பது.
புகையிரதக் கடவை மூடியிருந்தது.
காலை ஊன்றி நின்றேன்.
பக்கத்தில் பாண்காரனின் ஓட்டோ பாடிக்கொண்டே இருந்தது,
ரயில் போனது,
எண்ணிக்கை தவறிப்போனது.